நான் கேட்ட கையெழுத்து

வேலை கொடுப்பவர் வேலையாளின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. வளைகுடா நாடுகளிலும் இதுதான் விதி. முப்பது வருடத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் மனுக்களைப் படித்த எனக்கு இது தெரியும். எங்கள் ஊரான கருங்கல்லில் பக்கத்து வீட்டு ஜெயாவை இரண்டு வருட ஒப்பந்தத்தில் வளைகுடாவில் வீட்டு வேலைக்கு எடுத்தவர்களுக்குத்தான் தெரியவில்லை. பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, அவளை வீட்டுக்குள் பூட்டி வைத்தார்கள். ஒளித்து வைத்திருந்த போன் ஒன்றுதான் அவளுக்கு மிச்சம்.

அவள் அக்கா மேரி என்னிடம் ஓடி வந்தாள்.

"சாரே, ஒமக்கு எல்லா ஆபீஸும் தெரியுமே. இப்பமே போன்ல ஒண்ணு விளிச்சுச் சொல்லுங்க."

"பாதிக்கப்பட்டவ கையெழுத்து இல்லாத மனு நிக்காது மக்கா. ஒரு தாள்ல எழுதி ஒப்புப் போட்டு, படம் எடுத்து அனுப்பச் சொல்லு."

"வீடு தீப்பிடிச்சாலும் மனு வாங்கிட்டுத்தான் தண்ணி ஊத்துவியளா?" என்றாள். ஆனாலும் என்னை நம்பித் தங்கையிடம் சொன்னாள்.

படம் வந்தது. பின்னாலேயே, 'வீட்டுக்காரி பாத்துட்டா' என்று ஒரு வரி வந்தது. அதன்பின் ஜெயாவின் போன் அடிக்கவே இல்லை.

மனுவை வெளியுறவுத் துறைக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மேரி தங்கையின் போட்டோவோடு ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினாள். இன்னும் ஏறுகிறாள்.

இப்போதெல்லாம் இப்படி யார் வந்தாலும் முதலில் போனை எடுக்கிறேன். தாளை அப்புறம்தான் தேடுகிறேன். ஜெயாவுக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

'இவ்வகைப் புகாரை உறவினரே தொலைபேசியில் தெரிவிக்கலாம். கையொப்பம் தேவையில்லை' என்று என் மனுவுக்குப் பதில் வந்தது. அது வந்த தேதி, ஒப்பந்தப்படி ஜெயா ஊர் திரும்ப வேண்டிய தேதி.