சத்தமில்லாத நிக்காஹ்

மேலப்பாளையத்தில் கல்யாண வீடியோ என்றால் சேக் முகம்மதுதான். அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவர். வாடகை கேமராவில் தொடங்கி, சொந்தக் கடையும் அதற்கு மேல் மாடியும் கட்டியவர். "எனக்கு எவன்வே சொல்லித் தந்தான்?" என்று கேட்காமல் அவர் யாருக்கும் டீ வாங்கித் தந்ததில்லை.

மகள் அர்வாவின் நிக்காஹுக்கு வர மகன் ஷமீமுக்குச் சவுதியின் தம்மாமில் லீவு கிடைக்கவில்லை. அவனுக்காக வீடியோவைச் சுருக்கி அனுப்பியதும் போன் வந்தது.

"வாப்பா, எல்லாருக்கும் வாய் அசையுது. சத்தத்தைக் காணோமே!"

ஊரார் கல்யாணமெல்லாம் பேசின. சொந்த மகள் கல்யாணம் ஊமையாகிவிட்டது. அவர் முகம் தொங்கிப் போயிற்று.

சுருக்கும் வேலைக்கு ரூபி என்ற கணினி மொழியில் நிரல் எழுதித் தந்தவள் ஷமீமின் மனைவி ஃபஹ்மிதா. திரை கேட்பதற்கு அவர் சொல்லும் பதில்கள் ஹாஷ் என்ற தொகுப்பில் சேரும். நிரல் அதை ஒரு வரிக் கட்டளையாக்கி, சுருக்கும் கருவிக்குக் கொடுக்கும்.

"புதுசா ஒரு கேள்வி சேத்திருந்தியே, 'சத்தத்தை நிறுத்தவா'ன்னு. வேண்டாம்னுதான் அமுக்கினேன். இந்தக் கை தப்பாது புள்ள!" என்றார் மருமகளிடம்.

கட்டளையைத் திறந்து பார்த்தவள் நாக்கைக் கடித்தாள்.

"தப்பு என்னுதுதான் மாமா. நீங்க வேண்டாம்னதையும் கட்டளையில எழுதி வச்சிருக்கு. கருவி 'நிறுத்து'ங்கிறதைப் பாத்ததுமே நிறுத்திரும். பின்னால உள்ள 'வேண்டாம்' அதுக்குக் கணக்கில்ல. பந்தியில 'தால்சா வேண்டாம்'னா, தால்சான்னு மட்டும் காதுல வாங்கிட்டு ஊத்திட்டுப் போவானே, அவனை மாதிரி."

"அவன் என் சட்டையிலயே ஊத்துனவனாச்சே!"

சிரித்துக்கொண்டே அவள் திருத்தினாள். வேண்டும் என்றால் கட்டளையில் அந்த வேலையின் பெயர் மட்டும். அளவு சொன்னால் பெயரும் அளவும். வேண்டாம் என்றால் பேச்சே கிடையாது.

மறுபடி சுருக்கினார்கள். சத்தம் வந்தது. மகளை மாப்பிள்ளைக்கு ஒப்புக்கொடுக்கும் இடத்தில் சேக் முகம்மதுவின் குரல், "என் மகன் ஷமீம் மட்டும் இங்கன இருந்தா..." என்று தொடங்கி உடைந்தது. பந்தலே காத்திருந்தது. அப்போது அவர் அழுததை வெளிநாட்டில் இருப்பவன் அறியமாட்டான்.

ஃபஹ்மிதா நிறுத்திவிட்டுப் பைய கேட்டாள். "இந்த இடத்தை வெட்டிரவா மாமா?"

வாயைத் திறந்தவர் திரையைப் பார்த்தார். மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பேச்சே இல்லை. முழுசாக அனுப்பிவிட்டாள்.

போன் அடித்தது.

"வாப்பா, அழுதியளோ?"

"பிரியாணி அடுப்புப் புகைலே! போய் வேலையப் பாரு."

அதட்டினாரே தவிர, போனை அவரும் வைக்கவில்லை, அவனும் வைக்கவில்லை.