கோலமாவில் வரைந்த கார்

எங்கள் வீட்டுக் கார் உலோகமாக வருவதற்கு முன்பு, நான்கு நாள் கோலமாக இருந்தது.

இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து பிரியும் மூன்றாவது தெருவில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், இரண்டு தம்பிகள், அப்பாவின் தங்கை என்று ஆறு பேர். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. பெரிய தம்பிக்கு மழைக்காலத்தில் மூச்சிரைக்கும். ஓர் ஐப்பசி மழையில் ஆட்டோ எதுவும் உள்ளே வர மறுத்ததால், அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு முழங்கால் தண்ணீரில் டாக்டர் வீடு வரை நடந்தார். திரும்பி வந்து தலையைத் துவட்டும்போதே கார் வாங்குவது என்று முடிவாகிவிட்டது. எந்தக் கார் என்று முடிவாக மட்டும் இரண்டு மாதம் பிடித்தது.

மேடவாக்கத்தில் யாரோ விற்கும் பழைய பெரிய கார் ஒன்றை மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், பார்த்து வைத்திருந்தார். முன் இருக்கையும் பெஞ்சு போல நீளமாக இருக்குமாம். "ஆறு பேர் என்ன மாப்ளே, எட்டு பேர் போகலாம்" என்றார். தெருமுனையில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் அண்ணனிடம் அப்பா யோசனை கேட்டார். "பெருசு நல்ல வண்டிதான் சார். ஆனா வாரத்துல ரெண்டு நாள் உன் வூட்ல நிக்கும், மீதி நாள் என் ஷெட்ல நிக்கும். உனக்கு எதுக்கு சார் இந்தப் பேஜாரு? சின்ன வண்டியா புச்சா எடுத்துக்க."

அப்பாவின் மனமும் சின்னக் காரில்தான் இருந்தது. ஒரு நோட்டில் கோடு போட்டு இரண்டையும் ஒப்பிட்டிருந்தார். லிட்டருக்கு எவ்வளவு ஓடும், உதிரி பாகம் தாம்பரத்திலேயே கிடைக்குமா, எங்கள் தெருவில் ஒரே மூச்சில் திரும்புமா என்று எதைப் பார்த்தாலும் சின்னதே ஜெயித்தது. 'ஆட்கள்' என்ற இடத்தை மட்டும் நிரப்பாமல் விட்டிருந்தார்.

தாத்தா போன பிறகு அத்தை எங்களோடுதான் இருந்தாள். கேளம்பாக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. அத்தையையும் சேர்த்தால் பெரிய கார், சேர்க்காவிட்டால் சின்னக் கார். இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. "சின்னதுல நெருக்கமா இருக்குமோ" என்பாள் அம்மா. "பாக்கலாம்" என்பார் அப்பா. அந்த நேரம் பார்த்து அத்தைக்குப் புளி கரைக்கிற வேலை வந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கார் விற்கும் கடையில் எடுத்து வந்த அளவுகளை அப்பா படிக்கப் படிக்க, அம்மா வாசலில் கோலமாவால் சின்னக் காரை வரைந்தாள். கோலத்தில் பழகிய கை. நான்கு மூலையிலும் தன்னையறியாமல் சுழி வைத்துவிட்டாள். உள்ளே நாற்காலிகளையும் ஒரு பெஞ்சையும் போட்டோம். அப்பா ஸ்டியரிங்குக்குப் பதில் கையில் தாம்பாளத் தட்டோடு முன்னால் உட்கார்ந்தார். பக்கத்தில் அம்மா. பின்னால் அத்தை, நான், தம்பிகள்.

மெக்கானிக் அண்ணன் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "இன்னா சார், காலங்காத்தால குடும்பத்தோட எங்க கெளம்பிட்டே?"

"மகாபலிபுரம்" என்றாள் அத்தை பின்னாலிருந்து. "பெட்ரோல் போடாம போற வண்டி. ஏறிக்கிறீங்களா?"

தெருவே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. சின்னத் தம்பியின் பாதி உடம்பு கோட்டுக்கு வெளியே இருந்தது. அத்தை அவனை மடிக்கு இழுத்தாள். "மடியில எல்லாம் கூடாது" என்றார் அப்பா. "ஒரு ஆளுக்கு ஒரு இடம். அப்படிப் பாத்தாத்தான் கணக்கு சரியா வரும்."

கணக்கு என்றதும் எனக்குக் கை துறுதுறுத்தது. அம்மாவின் தையல் மெஷினிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து வந்து ஒவ்வொருவரையும் உட்கார்ந்தபடி அளந்தேன். சாக்பீஸால் சுவரில் எழுதினேன். அத்தை பதினெட்டு, நான் பன்னிரண்டு, பெரியவன் பதினொன்று, சின்னவன் பத்து. மொத்தம் ஐம்பத்தொன்று. காரின் பின் இருக்கை நாற்பத்தைந்து.

"கூட்டல் சரியா அத்தை?"

அத்தை சுவரைப் பார்த்தாள். "சரிதான்."

"நீங்க இல்லன்னா முப்பத்து மூணுதான். பன்னெண்டு இஞ்ச் மிச்சம்!"

மெக்கானிக் அண்ணன் குனிந்து, நன்றாக இருந்த சைக்கிள் செயினைத் தொட்டுப் பார்த்தார். விடை சரி என்பதால்தான் எல்லோரும் அமைதியாக இருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அத்தை பெஞ்சிலிருந்து எழுந்தாள். கோட்டை மிதிக்காமல், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டினாள். "எனக்குக் கார்னாலே குமட்டும்ணா. நான் பஸ்லயே வந்துக்கறேன். நீங்க சின்னதே எடுங்க."

"நீ கார்ல எப்போ போயிருக்கே?"

"போகாமயே குமட்டுது."

மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். சாயங்காலம் அப்பா என் தலையில் கைவைத்து, "அளந்து பேசற பொண்ணு" என்றார். ஆனாலும் மூன்று நாள் அந்தக் கோலத்தை யாரையும் அழிக்க விடவில்லை. ஆபீஸ் போகும்போதும் வரும்போதும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார். நான்காம் நாள் மாலை, சின்னக் காருக்குப் பணம் கட்டிவிட்டு வந்தார். மறுநாள் விடிந்ததும் அம்மா வாசலைத் தெளித்துவிட்டாள்.

தை மாதம் கார் வந்தது. சொன்னபடியே நம்பகமான கார். எங்களை எங்கேயும் நிறுத்தியதில்லை. கல்யாணம், காது குத்து என்று எங்கே போனாலும் அத்தை முன்னதாகவே பஸ்ஸில் போய் மண்டப வாசலில் நிற்பாள். நாங்கள் இறங்கும்போது கதவைத் திறந்துவிட்டு, "நல்லா வந்தீங்களா?" என்று கேட்பாள்.

அந்த ஆண்டு பள்ளி திறக்கும்போது, தன் பள்ளிக்கு அருகிலேயே பெண்கள் விடுதியில் இடம் கிடைத்திருப்பதாக அத்தை சொன்னாள். தினம் பஸ் மாறி மாறிப் போய் வர முடியவில்லையாம். அப்பா கொஞ்சம் மறுத்தார். பிறகு, "நானே கொண்டு போய் விடறேன்" என்றார். எல்லோருமே போகலாம் என்றாள் அம்மா.

பெட்டி டிக்கியில் ஏறியது. நாங்கள் ஆறு பேரும் ஏறினோம். சின்னத் தம்பி யாரையும் கேட்காமல் அத்தையின் மடியில் உட்கார்ந்துகொண்டான். அப்பா கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

எனக்கு அத்தையின் குமட்டல்தான் கவலை. ஒரு பாலிதீன் பையும் ஓர் எலுமிச்சம்பழமும் எடுத்து வந்திருந்தேன். பழத்தை அத்தையின் கையில் கொடுத்துவிட்டு, பையை விரித்துப் பிடித்தபடியே வந்தேன். வண்டலூரில் திரும்பியதும் கேட்டேன். "குமட்டுதா அத்தை?"

"இல்லடி கண்ணு."

கேளம்பாக்கம் வரும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன். அத்தை பழத்தை மூக்கருகே வைத்து, தம்பியின் தலைக்கு மேலாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. எலுமிச்சையின் நெடி என்று நினைத்தேன். பைக்கு வேலையே வரவில்லை.

கார் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு எலுமிச்சம்பழம்தான் மருந்து என்று அந்த வாரம் முழுவதும் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். என் அத்தைக்கு ஒரே நாளில் குணமாகிவிட்டது என்றும் சொன்னேன்.