விளிம்பில் பெயின்ட் அடிக்காத மடைப்பலகை

ஐப்பசி 9, ஞாயிறு, காலை மணி 6.10, விடாத மழை. இலஞ்சியில் அறுப்புக்கு நான்கே நாள் இருந்த என் ஒரு ஏக்கர் நெல்லில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வடிமடையின் காடிப் பள்ளத்தில் செருகியிருக்கும் பலகையைத் தூக்கினால் தண்ணீர் ஓடைக்குப் போய்விடும். பலகை அசையவில்லை.

பழைய வேங்கைப் பலகை உளுத்துப்போனதால், வீட்டு அலமாரி செய்து மிஞ்சிய பிளைவுட்டைக் கோடையில் நானே அறுத்துப் போட்டிருந்தேன். இரு முகத்துக்கும் இரண்டு கோட் பெயின்ட் அடித்தேன். காடிக்குள் மறையும் விளிம்புகளை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். அந்த விளிம்பு வழியே நீர் ஏறி, பலகை ஊதி இறுகிவிட்டது. இழுத்தால் மேல் அடுக்கு மட்டும் அப்பளம் போலக் கையோடு வந்தது.

வரப்பை வெட்ட மண்வெட்டியை எடுத்தேன். பக்கத்து வயல்காரர் ஓடி வந்து மறித்தார்.

"அங்கன வெட்டுனியன்னா என் நாத்தங்கால் போயிரும் அண்ணாச்சி! அலமாரிக் கதவைக் கொண்டாந்து மடைக்குப் போட்டா, அது பூட்டத்தான செய்யும்!"

அவர் சொன்னது நியாயம், எரிச்சலே அதனால்தான். தண்ணீருக்குள் நின்று கடப்பாரையால் பலகையை உடைத்து முடிக்க மாலையாகிவிட்டது. அதற்குள் தண்ணீரில் சாய்ந்துவிட்ட கதிர்கள் மூன்றாம் நாள் முளைவிட்டன.

இப்போது வேங்கைதான். காடியைவிட ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், குறைத்து அறுத்து, விளிம்புகளுக்கே முதலில் பெயின்ட் அடிக்கிறேன். ஆண்டுதோறும் ஆவணியில் கழற்றிக் காயவைத்து மறுபடி அடிக்கிறேன். பலகையில் மிச்சம் பிடிக்கப் போய், நெல், கூலி, பெயர்ந்த காடிக்குச் சிமெண்டு எல்லாமாக எனக்குப் போனது நாற்பத்தாறாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய்.