பதினாறு கதிரைகளும் ஒரு ஜப்பான் பாட்டும்

அந்தச் சனிக்கிழமை காலை டாவோஸ் நிலையத்தில் நின்றவர்கள் இருவர்: ராசன் அண்ணையும் நானும். வராதவன் சூசை. யாருக்காக இந்தப் பயணமோ அவனே வரவில்லை. ராசன் அண்ணையோடு கதைப்பதையும் நிறுத்தியிருந்தான்.

1988 ஒக்டோபர். மூவருக்கும் ஒரே ஹோட்டலின் சமையலறையில் வேலை, படுக்கவும் ஒரே அறை. நாங்கள் இருவரும் வடமராட்சி, சூசை மன்னார். கோடையில் வந்த ஜப்பான்காரர் ஒருவர் போகும்போது அவனுக்கு ஒரு கசெற் கொடுத்துவிட்டுப் போனார். நாலைந்து பொடியங்கள் கிற்றாரும் டிரம்முமாகப் பாடுகிற பாட்டுகள். அதில் நாலாவது பாட்டை வோக்மனில் போட்டுக் காதில் மாட்டாமல் சூசை படுத்ததில்லை. தமிழ்ப் பாட்டுப் போட்டால் எழும்பி வெளியே போய்விடுவான். வீட்டிலிருந்து அவனுக்குக் கடிதம் வந்து மாதக்கணக்காகிறது.

"தமிழ்ப் பாட்டெண்டால் வரிக்கு வரி ஆரோ ஒராள் வந்து நிக்கினம். இதில ஒருத்தரும் இல்லை. நிம்மதியா நித்திரை வருது" என்பான்.

அந்தக் கசெற்றை ராசன் அண்ணை தன் ரேப் ரெக்கோடரில் போட்டார். மெசின் நாடாவைச் சப்பித் துப்பிவிட்டது. அன்றிலிருந்து சூசைக்கு நித்திரை இல்லை. நித்திரை இல்லாதவன் பாத்திரம் கழுவினால் என்ன நடக்கும்? இரண்டு தட்டுக்கட்டுகள் போயின. இன்னொன்று விழுந்தால் வேறு வேலை தேடிக்கொள் என்று தலைமைச் சமையல்காரர் சொல்லிவிட்டார். வேலை போனால் அறையும் போகும்.

கடைகடையாகத் தேடினோம், அப்படியொரு கசெற் கிடைக்கவில்லை. பாடுபவர்களின் பெயரும் தெரியாது, பாட்டின் பெயரும் தெரியாது. இன்டர்லாக்கனில் வேலை செய்யும் ஊர்க்காரர் ஒருவர்தான் போனில் சொன்னார்: ஜப்பான் பயணக்குழுக்கள் தங்கும் ஹோட்டலொன்றில் சனிக்கிழமை மூன்று மணிக்கு நாலு ஜப்பான்காரர் அந்தமாதிரிப் பாட்டுகள் பாடுகிறார்களாம். போய்ப் பதிந்துகொண்டு வருவது என்று முடிவாயிற்று.

காலை 6.40. அரைக்கட்டண அட்டை இருந்தும் போய்வர ஆளுக்கு 56 பிராங். ராசன் அண்ணையின் மடியில் அந்தக் குற்றவாளி ரெக்கோடர். ஸ்பீக்கர் இரண்டு வைத்த, சூட்கேஸ் அளவு சாமான். லாண்ட்குவார்ட்டில் மாறினோம். சூரிச்சில் மாறும்போது அவர் ஓட மறுத்தார். "ஓடினால் உள்ளுக்க பெல்ற் கழண்டுபோம்" என்று நடந்தார். ரயில் போய்விட்டது. அடுத்ததற்கு ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் வெறும் கசெற் ஒன்று 4.50க்கும் பற்றரி 6 பிராங்குக்கும் வாங்கினோம். இரண்டையும் டாவோஸிலேயே வாங்கியிருக்கலாம் என்றேன். "அப்ப ஞாபகம் வரேல்லை" என்றார்.

பேர்ண் தாண்டியதும் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாள் வந்தது.

"தம்பி, எழுது."

"என்னத்தை அண்ணை?"

"விரும்பிக் கேக்கிறாக்களின்ர பெயர். பாட்டுக் கேக்கிறதெண்டால் பெயர் குடுக்க வேண்டாமோ?"

ஊரில் வானொலிக்குத் தபாலட்டை போட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பாட்டு மூன்று நிமிடம் என்றால், அதை விரும்பிக் கேட்டவர்களின் பெயர் இரண்டு நிமிடம் போகும். மாமா, மாமி, அயலட்டை, தொட்டிலில் கிடக்கும் குழந்தை வரை. பெயர் வாசிக்காத பாட்டைக் கேட்டதாகவே ராசன் அண்ணை கணக்கெடுக்க மாட்டார்.

"அண்ணை, இது ரேடியோ இல்லை. ஹோட்டல்."

"ஹோட்டலில பாடுறவனும் மனிசன்தானே. படிச்சனீ எண்டுதானே கேக்கிறன், எழுது."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தக் குற்றத்துக்காக மனுப்போடுவதும் விலாசம் எழுதுவதும் சுவிஸ் வரைக்கும் என் தலையில்தான். எழுதினேன். முதலில் சூசை வீடு: சூசை, தாய் மரியம்மா, தகப்பன் சவிரி, தமையன் அன்ரன், அண்ணி, அவர்களின் மகன், தங்கை ஜெசிந்தா. ஏழு பேர். பிறகு ராசன் அண்ணை, மனைவி, மூன்று பிள்ளைகள். கடைசியில் நான், ஐயா, அம்மா, அக்கா. பதினாறு பெயரும் ஆங்கில எழுத்தில், ஒன்றின்கீழ் ஒன்றாக.

"பாட்டின்ர பெயர்?" என்றேன்.

"அதை நான் வாயால பாடிக் காட்டுறன்."

துன் நகரம் கழிந்து ஏரி வந்தது. ஏரியைப் பற்றி எழுத வேண்டியது பயணக் கட்டுரைக்கு அழகு. நான் பார்க்கவில்லை. ராசன் அண்ணை அந்தப் பாட்டை முனகிப் பழகிக்கொண்டிருந்தார். எதிரே இருந்த பெண்மணி எழுந்து வேறு பெட்டிக்குப் போனார்.

பிற்பகல் 1.00. இன்டர்லாக்கன் மேற்கு நிலையத்திலிருந்து ஹோட்டலுக்குப் பத்து நிமிட நடை. நான் கழிப்பறைக்குப் போன இடைவெளியில் ராசன் அண்ணை வரவேற்பு மேசையில் தாளைக் கொடுத்துவிட்டார். திரும்பி வந்தபோது முகம் மலர்ந்து நின்றார்.

"நல்ல பெட்டை தம்பி. எல்லாப் பெயரையும் வாசிச்சுப் பாத்தவள். மூண்டு மணிக்கோ எண்டாள். யா எண்டன். எல்லாரும் வருவினமோ எண்டமாதிரி ஏதோ கேட்டாள்…"

"என்ன சொன்னியள்?"

"யா, யா எண்டன். அவளின்ர முகத்தை முறிக்கேலுமோ?"

எதற்கு யா சொன்னார் என்று அவருக்கே தெரியாது. போய் விசாரிக்க, அந்தப் பெண்ணின் இடத்தில் வேறு ஒருவர் இருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

3.00. மண்டபம் நிறைய ஜப்பானியர். கரையோரம் சிலர் இடமில்லாமல் நின்றார்கள். மேடைக்கு முன்னால் மட்டும் மேசைகளை ஒட்டிப்போட்டு நீளமாக ஓர் இடம் காலியாகக் கிடந்தது. பதினாறு கதிரை. ஒவ்வொரு கதிரைக்கும் முன்னால் கோப்பை, ஒரு துண்டு அப்பிள் கேக், மடித்து நிறுத்திய அட்டையில் ஒரு பெயர். என் ஐயாவின் பெயரை வெள்ளை மேசைவிரிப்பின் மேல் கண்டபோது அட்டையைக் கையில் எடுத்து இரண்டு தரம் வாசித்தேன்.

"இந்தா பாத்தியோ மரியாதையை!" என்றார் ராசன் அண்ணை.

பரிசாரகப் பெண்ணிடம், இவர்கள் இங்கே இல்லை, இலங்கையில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்த ஜேர்மனில் சொன்னேன். அவள் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "எப்போது வந்து சேருவார்கள்?" என்று கேட்டாள். விளங்கப்படுத்தி முடித்தேன். கேக் வெட்டியாகிவிட்டது, ஓர் இடத்துக்கு 6.50 பிராங் என்றாள். பதினாறு இடம், 104 பிராங். கோபித்துச் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அவள் மிகவும் அன்பாகச் சொன்னாள்; ராசன் அண்ணை காசை எண்ணிக் கொடுத்தார்.

பாட்டு தொடங்கியது. பாடியவர்கள் அந்தக் கசெற்காரர்கள் அல்லர். அவர்களுடைய பாட்டுகளை மேடைக்கு மேடை பாடுகிறவர்கள். ஆனாலும் முதல் கிற்றார் அடி விழுந்ததும் வழுக்கைத் தலைக்காரர்கள்கூடப் பள்ளிக்கூடப் பிள்ளைகளாகிவிட்டார்கள். ஓரிடத்தில் டிரம் நின்றுவிடும். அந்த இடைவெளியில் மண்டபம் முழுவதும் மூன்று தரம் கைதட்டும். ஒருவர்கூடப் பிந்துவதில்லை. பாடுபவரின் குரல் மேலே போய் உடையப் பார்த்து, உடையாமல் இறங்கும். அதற்காகவே காத்திருப்பதுபோல முகங்கள். பக்கத்து மேசையில் இருந்த வழிகாட்டிப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் கேட்டேன், இதில் அப்படி என்ன இருக்கிறது?

"இது எங்கள் பாடசாலைக் காலம்," என்றாள். "ஊரில் இதை விட்டுக் கனகாலமாகிவிட்டது என்பார்கள். வெளிநாட்டில் கேட்டால் எல்லோரும் தட்டுவார்கள். தட்டும் இடம் கைக்குத் தெரியும்."

இடைவேளையில் ராசன் அண்ணை மேடைக்கருகே போய் நாலாவது பாட்டை முனகினார். பாடகர் காதைச் சாய்த்துக் கேட்டார். இரண்டாம் வரியில் கண் விரிந்தது. தானும் சேர்ந்து முனகினார். அது எதைப் பற்றிய பாட்டு என்று நான் வழிகாட்டியிடம் கேட்க வாயெடுத்தேன்.

"கேளாதை!" என்று ராசன் அண்ணை ஓடி வந்தார். "அர்த்தம் தெரிஞ்சால் நீ சூசைக்குச் சொல்லுவாய். அதுக்குப்பிறகு அதுக்குள்ளயும் ஆரும் வந்து நிப்பினம்."

அன்று முழுவதிலும் அவர் சொன்ன ஒரே புத்தியான வார்த்தை அதுதான். மெசினில் சிவப்புப் பொத்தானை அமத்தினார்.

அடுத்து நடந்ததை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. பாடகர் காலிக் கதிரைகளைப் பார்த்தார். வழிகாட்டியிடம் ஏதோ கேட்டார். பரிசாரகப் பெண்ணுக்கு நான் விளங்கப்படுத்தியது அவள் காதிலும் விழுந்திருக்க வேண்டும், அதைத்தான் சொல்லியிருப்பாள். அவர் மேடையிலிருந்து இறங்கி, மேசையைச் சுற்றி நடந்து, அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மைக்கில் வாசித்தார். "மாரியாம்மா சான். சாபிரி சான். அன்தோன் சான்…" பதினாறு பெயரையும், ஜப்பான் மரியாதைச் 'சான்' சேர்த்து. சபை ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டியது. பிறகு பாட்டு.

நான் தலையில் கைவைத்தேன். ஆரும் வந்து நிற்காத பாட்டென்றுதானே சூசை அதைக் கேட்டான்? இப்போது அவன் வீடு முழுவதும் பாட்டின் வாசலில் நின்றது. அழித்துப் பதிய வழியில்லை. பாடகர் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்.

பின்னேரம் 5.30. பதினான்கு துண்டு கேக்கை இரண்டு பெட்டியில் கட்டித் தந்தார்கள். ஒன்றை நான் சுமந்தேன். 

மறுநாள் மத்தியானம், வேலை இடைவெளியில், சூசைக்கு முன்னால் கசெற்றை வைத்து நடந்ததைச் சொன்னேன். முன்பகுதியைச் சுற்றிவிட்டுப் பாட்டிலிருந்து போடுகிறேன் என்றேன். அவன் என்னை விலக்கிவிட்டுத் தானே பொத்தானை அமத்தினான்.

பெயர்கள் வந்தன. சூசை அசையவில்லை. பாட்டு தொடங்குமுன் நிறுத்தினான். பின்னால் சுற்றி மறுபடியும் கேட்டான். மூன்றாம் தரம் சிரித்துவிட்டான்.

"அம்மான்ர பெயரை எப்பிடிச் சொல்லுறான் பார் மச்சான்! அவ கேட்டாவெண்டால் அகப்பையால அடிப்பா." கண்ணைத் துடைத்துக்கொண்டு ராசன் அண்ணையின் பக்கம் திரும்பினான். "அண்ணை, சனமெல்லாம் தட்டினதோ?"

சூசை தன்னோடு கதைத்ததை ராசன் அண்ணையால் நம்பமுடியவில்லை. "ஓமடா. ஒவ்வொரு பெயருக்கும்."

"கதிரை எவ்வளவு?"

"ஆறரை பிராங். உனக்கேன்ரா அது? பிழை என்ர."

"எங்கட வீட்டாக்கள் இருந்த கதிரைக்கு நீங்கள் ஏன் காசு குடுக்கவேணும்?" சூசை கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை இழுத்தான். ஏழு கதிரைக்கு நாற்பத்தைந்து பிராங் ஐம்பது ராப்பனை எண்ணி ராசன் அண்ணையின் கையில் திணித்தான். அவர் வேண்டாம் என்றதை அவன் கேட்கவில்லை. காதில் மாட்டிக்கொண்டு, முதல் பெயரிலிருந்து போட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். பின்னேர வேலைக்கு அவனை உலுக்கித்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

ரயில் 112, கதிரை 104, கசெற் 4.50, பற்றரி 6. மொத்தம் இருநூற்று இருபத்தாறு பிராங் ஐம்பது.