கேக் அக்காவின் செவிப்பறை

தெருவில் எல்லோருக்கும் அவள் கேக் அக்கா. வீட்டின் முன்னறைதான் கடை. வலது கையில் க்ரீம் கோன், இடது தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். ஆர்டர் கேட்டுக்கொண்டே கேக்கின் மேல் எழுதிவிடுவாள்.

அவளிடம் ஒரு கெட்ட பழக்கம். ஓவனில் கேக் உப்பி வரும்வரை சும்மா இருக்க மாட்டாள். ஹேர்பின்னை உருவிக் காதைக் குடைவாள். ஒருநாள் அப்படிக் கண் சொக்கி நின்றபோது, தட்டோடு வந்த கணவர் முழங்கையில் இடித்துவிட்டார். சுரீரென்று வலி. பின்னின் நுனியில் ஒரு பொட்டு ரத்தம்.

"என்னாச்சு?" என்று பதறினார்.

"ஒண்ணுமில்ல. நீங்க தட்டைப் பாருங்க." டாக்டரிடம் போனால் பின்னைப் பற்றிச் சொல்ல வேண்டுமே! காதில் பஞ்சை அடைத்துக்கொண்டாள். காது மந்தமானதற்குப் பஞ்சுதான் காரணம் என்று தன்னையே சமாதானமும் செய்துகொண்டாள்.

மறுநாள் ஒரு மருமகள் போன் செய்தாள். "'அன்பு மாமியாருக்கு'ன்னு எழுதுங்கக்கா." பழக்கதோஷம், போன் பஞ்சு அடைத்த இடது காதுக்கே போனது.

சாயங்காலம் கேக் பெட்டியோடு மாமியாரே வந்துவிட்டார். பின்னால் மருமகள், பேயறைந்த முகத்தோடு. மூடியைத் திறந்தால், க்ரீம் ரோஜாக்களுக்கு நடுவே, 'வம்பு மாமியாருக்கு'.

"சத்தியமா நான் அன்புன்னுதான் சொன்னேன், அத்தை!"

மாமியார் கேக் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். பஞ்சு கண்ணில் பட்டது. "ஏம்மா, காது கேக்கலையா?"

"கேக் இல்லையாவா? இருக்கேம்மா, வெனிலா இருக்கு."

"சரியாப் போச்சு!" அவர் கேக்கை மறந்தார். அவள் கையைப் பிடித்துக் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். மருமகளும் ஓடினாள்.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். "செவிப்பறையில ஓட்டை. ரொம்ப மெல்லிசான தோல் அது. சத்தம் வந்து மோதினா அதிரும். அந்த அதிர்வை மூணு குட்டி எலும்புங்க உள்காதுக்குக் கொண்டுபோகும், அங்கிருந்து மூளைக்குச் சேதி போகும். ஓட்டை விழுந்தா எப்படிச் சரியா அதிரும்?"

"எதால குடைஞ்சே?" டாக்டரை முந்திக்கொண்டு கேட்டார் மாமியார்.

"ஹேர்பின்…"

"நினைச்சேன்! டாக்டர், தானா மூடுமா? தலைக்குக் குளிக்கலாமா? மூடலைன்னா?"

"தண்ணி படாம இருந்தா பெரும்பாலும் மூடிடும். நீங்க இவங்க அம்மாவா?"

"இல்ல. வம்பு மாமியார்."

மருமகள் முந்தானையால் வாயைப் பொத்தியும் சிரிப்பு பீறிட்டது. மாமியார் திரும்பி முறைத்தார். பிறகு அவருக்கும் அடக்க முடியவில்லை.

ஓட்டை மூட இரண்டு மாதம் ஆயிற்று. காது தெளிந்த காலையில் கேக் அக்கா ஃபிரிட்ஜ் முன்னால் திகைத்து நின்றாள். "இது எப்பலேர்ந்து இப்படி உறுமுது?"

"வாங்கின நாள்லேர்ந்து," என்றார் கணவர்.