கூரை எட்டாத சுவர்

ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த வேலை, ஓர் இயந்திரத்தின் மடத்தனத்தைக் கண்டுபிடிப்பது. உண்மையில் அது மருமகளின் வேலை. தலவாக்கலையில் எங்கள் வீட்டிலிருந்தே செய்கிறாள். செயற்கை நுண்ணறிவிடம் அன்றாட விஷயங்களைக் கேட்பாள். பதில் நடைமுறைக்கு ஒத்துவராவிட்டால், ஏன் என்று எழுதி, சரியானதைச் சொல்லிக் கொடுப்பாள். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு நானும் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொள்வேன். ஈர விறகை எங்கே காயவைப்பது என்று ஒருநாள் கேட்டோம். வெயிலில் என்றது. மலையகத்து ஆடி மாத மழையில் வெயிலுக்கு எங்கே போவது? இருவரும் சிரித்தோம்.

போன மாதத் தலைப்பு, இனியொரு கொள்ளைநோய் வந்தால் என்ன செய்வது என்பது. திட்டம் போடுகிறவர்கள் நாளைக்கு இதனிடம்தான் யோசனை கேட்பார்களாம். நான் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவ உதவியாளராக இருந்தவன். தோட்டமே என்னை டாக்டரய்யா என்றது. இது நம் துறை என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மருமகள் கேள்வியைத் தட்டினாள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அடுத்தடுத்து இரண்டு காம்பராக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம், ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு நோயாளி. இருவருக்கும் ஒரே நோய்தான் என்று பரிசோதனையில் தெரிந்துவிட்டது. என்ன செய்யலாம்?

நோயாளியைத் தனி அறையில் வையுங்கள், தனிக் கழிப்பறை கொடுங்கள், இரு குடும்பங்களும் கலக்கக் கூடாது என்று பதில் வந்தது.

"வீடே ஒரு காம்பராதான். இதுல தனி அறைக்கு எங்க போறது? சுத்த மடையன்!" என்றேன்.

இந்த முறை அவள் சிரிக்கவில்லை. "மடையன்னு சொல்லாதீங்க மாமா. அன்னைக்கி மைக்க புடிச்சுக்கிட்டு நீங்களும் இதத்தானே சொன்னீங்க."

கொரோனாக் காலத்தில் அவள் என் மருமகள் அல்ல. மஸ்கெலியாப் பக்கம், என் பொறுப்பிலிருந்த லயத்தில் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பெண். அவள் அம்மாவுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் நோய் உறுதியானது. இரண்டு வீட்டாரும் தாங்களாகவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். நோயாளிகள் இருவரும் ஒரு காம்பராவில், மற்றவர்கள் எல்லோரும் மற்றதில். குடும்பங்கள் கலக்கக் கூடாது என்று எனக்குச் சுற்றறிக்கை வந்திருந்தது. ஆட்டோவில் போய் லயத்து முனையில் நின்று ஒலிபெருக்கியில் ஏசினேன். "புத்தி கெட்ட சனங்களா! அவங்கவங்க வீட்டுக்குப் போங்க!"

போனார்கள். அம்மாவோடு ஒரே காம்பராவில் அடைபட்ட பெண்ணுக்கும் தொற்றியது. அந்த வருடம் அவள் பரீட்சை எழுதவில்லை.

சுற்றறிக்கையின் மேல் பழிபோட எனக்கு மனமில்லை. நான் லயத்தில் பிறந்தவன். இரண்டு காம்பராக்களுக்கு நடுவிலுள்ள சுவர் கூரை வரைக்கும் எட்டாது. பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்தால் எங்கள் வீட்டில் பசிக்கும். இருமல் மட்டும் அங்கேயே நின்றுவிடுமா? குடும்பங்கள் ஏற்கெனவே ஒரே காற்றைத்தான் சுவாசித்தன; நோயாளியின் பக்கத்திலேயே படுப்பதையாவது அவர்களின் ஏற்பாடு தவிர்த்தது. இயந்திரம் லயத்தில் ஒருநாளும் படுத்ததில்லை. நான் படுத்திருக்கிறேன்.

"இத்தன நாளா ஏம்மா சொல்லல?"

"பொண்ணு கேட்டு வந்த மனுசன்கிட்ட இதையா பேசுவாங்க?" என்றாள். அப்போதுதான் சிரித்தாள்.

சரியான பதிலை இருவரும் சேர்ந்து எழுதினோம். நோயாளிகளை ஒரு காம்பராவிலும் மற்றவர்களை இன்னொன்றிலும் வைக்கலாம் என்று அவள் எழுதினாள். சனங்கள் ஏற்கெனவே ஓர் ஏற்பாடு செய்திருந்தால், கலைப்பதற்கு முன் ஏன் என்று கேட்கவும் என்று ஒரு வரியை நான் சேர்க்கச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் பஸ் மாறி மஸ்கெலியாவுக்குப் போனேன். சம்பந்தியம்மா அதே காம்பராவில்தான் இருக்கிறார். தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு, அன்றைக்கு நான் செய்தது பிழை, மன்னித்துவிடுங்கள் என்று மெதுவாகச் சொன்னேன்.

"நல்லா இருக்குங்க சம்பந்தி! ஏசினது லயம் பூரா கேக்க மைக்குல. மன்னிப்பு மட்டும் காதோட காதாவா?"

அதற்குள் சுவருக்கு மேலாகப் பக்கத்து வீட்டுக்காரரின் குரல் வந்தது. "எனக்குங் கேட்டுச்சுங்க டாக்டரய்யா! அப்படியே இந்தப் பக்கமும் வந்துட்டுப் போங்க!"

தேத்தண்ணி டம்ளரைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போனேன்.