கஸ்பாரின் ஞாயிற்றுக்கிழமைகள்

எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்தில் கஸ்பாருக்கு மீனைவிட மனுஷர்களைப் பிடிக்கத்தான் நன்றாக வரும் என்பார்கள். வாயைத் திறந்தால் சிரிக்காமல் இருக்க முடியாது. பட்டணத்துக்காரர்களைத் துடுப்புப் போடவும் பறவை பார்க்கவும் கூட்டிவந்த விமல், அதனால்தான் முதலில் அவரைத் தேடி வந்தான். தண்ணீரைக் கண்டு மிரண்டவர்கள்கூட கஸ்பாரின் படகில் தைரியமாக ஏறினார்கள்.

ஞாயிறு வந்தால் குப்பமே களைகட்டியது. மனைவி டோரதி கரையில் அடுப்பு மூட்டி இறால் வறுத்தாள். பக்கத்து வீட்டார் நண்டை ஏலத்துக்கு அனுப்பாமல் அவளிடமே கொடுத்தார்கள். கஸ்பார் வலைகளை மச்சானுக்குக் கொடுத்துவிட்டு, வருகிறவர்கள் உட்காரப் படகில் பலகையும் நிழல்துணியும் போட்டார். ஒரு வலையாவது இருக்கட்டும் என்று டோரதி சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

ஒரு ஆண்டு மழைவெள்ளத்தோடு முகத்துவாரத்துக்குக் கச்சா எண்ணெய் வந்தது. எங்கிருந்து வந்ததென்று விசாரிக்க வந்தவர்கள் ஆளுக்கொரு திசையைக் காட்டிவிட்டுப் போனார்கள். கூழைக்கடாக்கள் இறக்கை ஒட்டிக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்தன. கஸ்பாரும் கூலிக்கு எண்ணெய் மொண்டார். கையெல்லாம் கொப்புளம்.

மழை விட்டதும் படகை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, புதுச் சாயமும் அடித்து வைத்தார். விமல் லாரியோடு வந்தான். குப்பத்தில் வைத்திருந்த துடுப்புப் படகுகளைப் பழவேற்காட்டுக்குக் கொண்டுபோகப் போவதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னான். இந்தத் தண்ணீரில் இறங்க யாரும் வருவதில்லையாம்.

"நானும் அங்க வந்துடட்டா, தம்பி?"

"அங்க இருக்கிற படகுக்காரங்க ஒத்துக்க மாட்டாங்கண்ணே."

கஸ்பாரால் கோபப்பட முடியவில்லை. வெளியூர்ப் படகு ஒன்று இங்கே வந்திருந்தால் அவரே விட்டிருக்க மாட்டார்.

"தண்ணி தெளிஞ்சா திரும்பி வருவியா?" என்று டோரதி கேட்டாள்.

"கண்டிப்பா வரேன்க்கா."

"எப்போ தெளியும்னு யாரைக் கேக்கறது?"

விமல் முதல் படகைத் தூக்கக் குனிந்தான். கஸ்பார் ஒரு பக்கம் பிடித்துப் படகுகளை லாரியில் ஏற்றிக் கொடுத்தார்.

இப்போது அவர் மணலி ரோட்டில் ஒரு கன்டெய்னர் யார்டில் வாட்ச்மேன். டோரதி காசிமேட்டில் மீன் வாங்கிவந்து தெருத்தெருவாக விற்கிறாள். போன மாதம் ஒரு கார் யார்டு வாசலில் நின்றது. பின்சீட்டில் தொப்பி போட்ட குழந்தைகள். படகு ஓட்டுகிற இடம் எங்கே என்று கேட்டார்கள்.

"இங்க இல்ல சார். பழவேற்காட்டுல கீது," என்றார் கஸ்பார். மீஞ்சூர் வழியாகப் போவது எப்படி என்று இரண்டு முறை விளக்கிவிட்டு, வண்டி திரும்புவதற்காக லாரிகளைக் கை காட்டி நிறுத்தினார்.